கணினியைக் கும்பிடாதே, கட்டளையிடு!

"இதில தமிழ் அடிக்க ஏலாது."

மாத்தளை டவுனிலோ உக்குவெலையிலோ ரத்தோட்டையிலோ ஒரு கவுண்டருக்கு முன்னால் நின்ற பலரும் இந்த வரியைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார். என் கோபம் அவர் மேல் இல்லை, தங்கச்சி. உன் மேல்தான். உயர்தரம் படித்தவள் நீ. கணினி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, லெமினேட் செய்து அலமாரியில் வைத்திருக்கிறாய். அப்படிப்பட்டவள் "ஏலாது" என்ற ஒரு சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு, அம்மாவின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறாயே, ஏன்? அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா?

கவுண்டருக்கு வெளியே நிற்பவள் மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்திருப்பவளும் இன்று நீதான். கூட்டுறவுச் சங்கம், முன்பள்ளி, நூலகம், கோயில் பரிபாலன சபை, போட்டோ கொப்பிக் கடை என்று எங்கேயோ ஒரு கதிரை உனக்குக் கிடைத்துவிட்டது. திரையில் ஒரு படிவம். பெயர் தமிழில், அதே பெயர் சிங்களத்தில், ஆங்கிலத்தில், பிறகு அடையாள அட்டை இலக்கம், முகவரி. மூன்று மொழியும் ஒரே தாளில் வரும் நாடு இது.

முத்துலட்சுமி என்று அடிக்கத் தொடங்குகிறாய். நிமிர்ந்து பார்த்தால் சிங்கள எழுத்து. பேக்ஸ்பேஸ். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். இப்போது ஆங்கிலம். மறுபடி தட்டுகிறாய், தமிழ் வருகிறது. பெயரை முடித்து டேப் தட்டி அடையாள அட்டைக் கட்டத்துக்குப் போகிறாய். ஒன்பது இலக்கமும் சரியாக விழுகிறது, கடைசியில் வர வேண்டிய ஆங்கில 'வீ' மட்டும் தமிழ் எழுத்தாக விழுகிறது. பேக்ஸ்பேஸ். வரிசையில் நிற்கும் அம்மா பக்கத்திலிருப்பவரிடம், "புள்ளைக்கு இன்னும் பழகல்ல போல" என்கிறார். உன் காது சிவக்கிறது.

சிவக்க வேண்டியது உன் காது அல்ல. பழகாதவள் நீயும் அல்ல. அந்தப் படிவத்தைச் செய்தவர் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுப் போயிருக்கிறார். எந்தக் கட்டத்தில் எந்த மொழி வர வேண்டும் என்று கட்டத்துக்கே சொல்லி வைக்க முடியும். அவர் சொல்லவில்லை. அவர் விட்ட வேலையை நாள் முழுக்க உன் விரல்கள் செய்துகொண்டிருக்கின்றன. அதைத்தான் நீ விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

விதி இல்லை. ஒரு பட்டியலில் ஒரு வரி.

மைக்ரோசொஃப்ட் அக்சஸில் செய்த படிவம் என்றால் அதை வடிவமைப்பு நிலையில் திற. பெயர்க் கட்டத்தைத் தெரிவு செய்து அதன் பண்புகளை எடு. 'அதர்' என்ற தாளுக்குப் போனால் அங்கே 'கீபோர்ட் லாங்குவேஜ்' என்று ஒரு வரி இருக்கும். யாரும் தொடாததால் அது 'சிஸ்டம்' என்றே கிடக்கும். அதைத் தமிழ் என்று மாற்று. சிங்களப் பெயர்க் கட்டத்தில் சிங்களம். அடையாள அட்டைக் கட்டத்தில் ஆங்கிலம். சேமித்துவிட்டு, இப்போது டேப் தட்டிக்கொண்டே போய்ப் பார். கர்சர் தமிழ்க் கட்டத்துக்குள் நுழைந்ததும் விசைப்பலகை தானாகத் தமிழுக்கு மாறும். அடுத்த கட்டத்தில் சிங்களம். அதற்கடுத்து ஆங்கிலம். விண்டோஸ் விசையை நீ தொடவே இல்லை.

ஒரே ஒரு முன்வேலை உண்டு. விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். 'தமிழ் (இலங்கை)' என்று நம் நாட்டின் பெயரோடேயே அந்தப் பட்டியலில் இருக்கிறது. நீ தேடவில்லை, அதனால் தெரியவில்லை. வேர்டிலும் பக்கத்திலுள்ள வாசகத்தின் மொழியைப் பார்த்து விசைப்பலகையைத் தானே மாற்றிக்கொள்ளும் தெரிவு ஒன்று 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் உண்டு. விண்டோஸிலேயே ஒவ்வொரு ஜன்னலுக்கும் வேறு வேறு உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ள ஒரு சதுரப் பெட்டி இருக்கிறது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து மொழி எல்லா ஜன்னல்களுக்கும் பொதுவாக மாறிவிடுகிறது. வேர்டில் தமிழ் அடித்துவிட்டு வேறு மென்பொருளுக்குப் போனால் அங்கேயும் தமிழ் வந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். பேய் பிடிக்கவில்லை. அந்தப் பெட்டியில் ஒரு சரி அடையாளம் போட்டால் தீர்ந்தது.

இதோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறாயா? விடமாட்டேன். பண்புப் பட்டியலைத் திருத்தத் தெரிந்தவள் நிரலும் எழுதலாம். விஷுவல் பேசிக்கோ சி ஷார்ப்போ கொஞ்சம் படித்திருந்தால் போதும். டொட் நெட்டில் 'இன்புட் லாங்குவேஜ்' என்று ஒரு வகுப்பு உண்டு. கணினியில் எந்தெந்த உள்ளீட்டு மொழிகள் நிறுவப்பட்டுள்ளன என்று அதனிடம் கேட்கலாம். இப்போது எது இயங்குகிறது என்று கேட்கலாம். இதற்கு மாறு என்று சொல்லலாம். கர்சர் கட்டத்துக்குள் வரும் நிகழ்வில் ஒரு கட்டளை, வெளியே போகும் நிகழ்வில் ஒரு கட்டளை, வேறொன்றும் இல்லை.

ஆனால் இங்கே ஒழுக்கமாக எழுது. உள்ளே வரும்போது ஏற்கனவே இருந்த மொழியை ஒரு மாறியில் எடுத்து வை, போகும்போது அதையே திருப்பிக் கொடு. கோயில் வாசலில் கழற்றிய செருப்பைத் திரும்பும்போது அதே இடத்தில் தேடுவோமே, பாவிப்பவரும் தன் பழைய மொழியை அப்படித்தான் தேடுவார். அடுத்து, நீ கேட்கும் மொழி அந்தக் கணினியில் நிறுவப்படாமல் இருந்தால் அந்த வகுப்பு உனக்கு வெறுமையைத் திருப்பித் தரும். அதைச் சோதிக்காமல் எழுதினால் உன் மென்பொருள் நடுவழியில் விழும். பிறகு "தமிழ் போட்டதால்தான் பழுதாகிவிட்டது" என்று ஒருவர் சொல்வார். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதே. வெறுமை வந்தால், 'தமிழ் விசைப்பலகையை இப்படிச் சேருங்கள்' என்று ஒரு செய்தியைத் திரையில் காட்டு, தமிழிலேயே காட்டு.

கடவுச்சொல் கட்டத்தை மறக்காதே. அங்கே எழுத்து தெரியாது, புள்ளிதான் தெரியும். தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது ஆங்கிலக் கடவுச்சொல்லைத் தட்டினால் உள்ளே போவது வேறு. மூன்று தரம் பிழைத்துக் கணக்குப் பூட்டிக்கொண்டால் பழி மறுபடி தமிழ் மேல்தான் விழும். அந்தக் கட்டத்தை ஆங்கிலத்துக்குக் கட்டிப்போடு.

இன்னும் ஒரு பொறி. ஸ்ரீதரன் என்று பதிந்து வைத்திருப்பாய். பிறகு தேடும்போது 'அப்படி ஒருவர் இல்லை' என்று வரும். எதிரில் ஸ்ரீதரனே நின்றுகொண்டிருப்பார். ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வழியில் கட்டலாம். ஒன்று ஸகரத்தில் தொடங்கும். மற்றொன்று 2005இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு எழுத்தான ஶகரத்தில் தொடங்கும். திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே இரண்டும் வேறு. ஒரு விசைப்பலகை ஒன்றைத் தரும், இன்னொன்று மற்றதைத் தரும். 'கொ' போன்ற எழுத்துகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'கொ'வுக்கு அந்த வசதி டொட் நெட்டிலேயே இருக்கிறது. ஸ்ரீக்கு நீயே ஒரு மாற்று வரி எழுத வேண்டும். தமிழ் தெரியாத நிரலாளர் எத்தனை பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவர் கண்ணில் படாது. ஸ்ரீதரனைத் தினமும் பார்க்கும் உன் கண்ணில்தான் படும். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து செய்து தருவார் என்று காத்திருக்காதே என்று நான் சொல்வது இதனால்தான்.

காத்திருந்தவர்கள் தமிழை இந்தப் பெட்டிக்குள் கொண்டுவரவில்லை.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா பிழைப்புத் தேடி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர். கம்பனி வேலையில் ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகளைப் பார்த்தார். தமிழுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, தானே வடிவமைக்கத் தொடங்கினார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை ஒரு சின்னப் பொறிக்குள் எப்படி அடைப்பது? எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். சில விசைகளைத் தட்டும்போது தாளைத் தாங்கும் வண்டி நகராமல் நிற்க வைத்தார், அப்போதுதான் புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலையில் சரியாக உட்காரும். அந்தப் பொறியை ஜெர்மனியில் செய்வித்தார். பட்டம் பெற்ற பொறியியலாளர் என்று யாரும் அவரை அனுப்பி வைக்கவில்லை.

சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி கணினிக்குள் இறங்கினார், 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளைச் செய்தார். ஒலியியல் அடிப்படையில் அவர் அமைத்த விசைப்பலகைதான், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற தமிழ்99க்கு அடித்தளம். அதே ஆண்டில் அவர் காலமானார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். ஆஸ்திரேலியாவில் மார்க் டர்டின் என்பவர் 1993இல் லாவோ மொழிக்காக எழுதிய 'கீமேன்' என்ற சின்ன மென்பொருள், பிற்காலத்தில் 'எ-கலப்பை' என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழர் வீடுகளுக்குள் வந்தது. லாவோவுக்காக ஒருவர் போட்ட பாதையில் நாம் நடந்தோம். நீ போடும் பாதையில் யார் வரப்போகிறார்களோ!

ஜப்பானில் ஹண்டா கெனிச்சியும் அவர் தோழர்களும் செய்ததைக் கேள். 'ஈமாக்ஸ்' என்ற எழுத்துத் தொகுப்பி ஆங்கிலத்துக்காகப் பிறந்தது. அவர்கள் அதற்குள் பல மொழிகளைப் புகுத்தினார்கள். 1997இல் அவர்களின் அந்த வேலை ஈமாக்ஸின் 20ஆம் பதிப்போடு இணைந்தது. இன்று அந்த மென்பொருளுக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகள் இருக்கின்றன. கன்ட்ரோலையும் பின்சாய்கோட்டையும் சேர்த்துத் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம். விண்டோஸில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்காவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை, விசைப்பலகையே மென்பொருளின் வயிற்றுக்குள் இருக்கிறது. இயங்குதளத்திடம் கையேந்துவதும் ஒரு வழி, ஏந்தாமலே செய்வதும் ஒரு வழி. இரண்டும் திறந்தே கிடக்கின்றன.

நம் நாட்டில் பாமினி எழுத்துரு எத்தனை காலம் ஆட்சி செய்தது என்று உனக்கே தெரியும். இன்றும் அச்சகங்களில் அது ஓடுகிறது. அதில் தமிழ் என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அதே ஜே, கே, பி, ஓ பல்லைக் காட்டும். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை, ஆங்கிலத்துக்குப் போட்ட வேஷம்தான். பாமினியை நான் பழிக்க மாட்டேன், ஒரு தலைமுறைக்கே சோறு போட்டது. ஆனால் பெயர்ப் பதிவேட்டை இன்னும் அதில் வைத்திருப்பவரை மன்னிக்க மாட்டேன். அதைத் தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது, இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பவும் முடியாது.

விசைப்பலகைச் சண்டையிலும் எனக்கு ஆர்வமில்லை. இலங்கையின் தரம் எஸ்.எல்.எஸ். 1326, 2008இல் வந்தது, அது ரெங்கநாதன் என்ற விசை அமைப்பைத் தழுவியது. தட்டச்சு வகுப்புக்குப் போன அக்காமாருக்கு அது கையோடு வரும். தமிழ்நாட்டு நூல்களைப் பார்த்துப் பழகியவனுக்குத் தமிழ்99. உன் விரலுக்கு எது பழக்கமோ அதை எடு. ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துத் தமிழாக்குவதும் வாட்ஸ்அப்புக்குச் சரிதான். ஆனால் ஒருவருடைய பெயரைப் பதியும் இடத்தில் அதை நம்பாதே. ல, ள, ழ மூன்றிலும், ன, ண, ந மூன்றிலும் அது தன் ஊகத்தைத் திணிக்கும். தோட்டத்து மக்களின் பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாடசாலையில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று சிதைந்து, சேமலாப நிதி எடுக்கப் போகும் வயதில் சத்தியக் கடதாசியோடு அலைந்த கதை உன் வீட்டிலேயே இருக்கும். தாத்தாவைக் கேட்டுப் பார். ஒரு எழுத்துப் பிழைக்கு ஒரு கிழவர் எத்தனை பஸ் ஏற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு "ஏலாது" என்கிறாய் என்பதையாவது யோசி. மாத்தளை டவுனிலிருந்து தம்புள்ளை வீதியில் சற்றுத் தூரம் போனால் அலுவிகாரை. நூற்றாண்டுகளாக வாய்வழியாகவே ஓதிக் காப்பாற்றிய திரிபிடகத்தை, பஞ்சமும் போரும் வந்து ஓதுபவர்கள் இறந்தால் போதனையும் இறந்துவிடும் என்று பயந்து, வலகம்பா மன்னனின் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், பிக்குகள் ஓலையில் எழுதி வைத்த இடம் அது. அவர்கள் எழுதியது பாளி மொழி. அன்றாடம் பேசியது வேறு. இன்றும் அங்கே ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி எண்ணெய் பூசித் துடைத்துக் காட்டுகிறார்கள். கீறும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியாது, மை பூசித் துடைத்ததும் பளிச்சென்று எழும். இதே மாவட்டத்தின் வடக்கே சீகிரியா. அங்கே கண்ணாடிச் சுவரில், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை, பார்க்க வந்தவர்கள் கீறிவிட்டுப் போன பாட்டுகளில் 685ஐப் படித்தெடுத்து 1956இல் தொல்லியலாளர் பரணவிதான பதிப்பித்தார். சுவரில் எழுத அவர்கள் யாரிடமும் படிவம் நிரப்பவில்லை!

உன் முன்னோர் தோட்ட வேலைக்கு வந்த வழியும் இதே வீதிதான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் விழுந்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக இல்லை. 2023இல், அவர்கள் வந்த இருநூறாண்டு நினைவாக, 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து அதே தடத்தில் நடந்தவர்கள் ஆகஸ்ட்டில் மாத்தளையில்தான் வந்து நின்றார்கள். பெருவிரல் ரேகை வைத்துச் சம்பளம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளை நீ. உனக்குப் பத்து விரலும் விசைப்பலகையில் ஓடும். மாத்தளை சோமுவும் மாத்தளை வடிவேலனும் இந்த மண்ணின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு தமிழில் எழுதினார்கள், கூச்சப்படவில்லை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதிவிட்டது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை உன் திரையில் பெயர்க் கட்டத்துக்குள் வரவில்லை என்றால், அந்தக் கடைசி ஒரு அங்குலத்தைக் கடத்த வேண்டியது நாடாளுமன்றம் இல்லை.

ஆங்கிலம் போதாது என்று சாக்குச் சொல்லாதே. நான் மேலே சொன்ன அத்தனை வரிகளுக்கும் தேவையான ஆங்கிலம் சாதாரண தரத்துக்குப் படித்ததைவிடக் குறைவு. மேலதிகாரி விடமாட்டார் என்றும் சொல்லாதே. படிவத்தின் ஒரு பிரதியை எடுத்து, அதில் மாற்றி, பத்துப் பெயரை அவர் முன்னாலேயே அடித்துக் காட்டு. முந்தியதில் பத்துப் பெயரை அடிக்க எத்தனை நேரம், இதில் எத்தனை நேரம் என்று அவரே கைக்கடிகாரத்தைப் பார்க்கட்டும். வாதாடிச் சம்மதிக்க வைக்க முடியாத அதிகாரியைக்கூட வேகத்தால் சம்மதிக்க வைக்கலாம். அப்போதும் அவர் மறுத்தால் உன் வீட்டுக் கணினியில், கோயில் திருவிழா உபயகாரர் பட்டியலுக்குச் செய். முத்துமாரியம்மன் தேர் ஓடும் ஊரில் பட்டியல்களுக்கா பஞ்சம்?

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் கடவுச்சொல் கட்டத்தில் தொடங்கு, அதில் தவறினால் நாளே வீண். அடுத்து பெயர்க் கட்டம், பிறகு முகவரி. லயன் அறை இலக்கம் வருமிடத்தில் எண்தான் வேண்டும் என்று பூட்டு. ஸ்ரீதரனைத் தேடிப் பார்.

மதியத்துக்குள் பக்கத்து மேசைச் சிங்கள நங்கி எட்டிப் பார்ப்பாள். அவளுக்கும் இதே தலையிடிதான், விஜேசேகர விசைப்பலகையில் பெயர் அடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று தமிழ் வந்து விழும். "அக்கே, மட்டத்?" (அக்கா, எனக்கும்?) என்று கேட்பாள். அவளுடைய படிவத்தையும் திற. மாற்ற வேண்டியது மொழியின் பெயர் ஒன்றுதான்.